துண்டுத் துணிகள்: ஓர் அனுபவமும் சில எண்ணங்களும்

பொழுதுபோக்கு என்ற சொல்லை எங்கள் வீட்டில் எவரும் பயன்படுத்தியதாக எனக்கு நினைவில்லை. அம்மா தையற்காரி. கிளிநொச்சி மாவட்டத்துக் கிராமமொன்றிலே, எமது வீட்டு முன்விறாந்தையில் நிற்கும் கால்மெசினில், பாடசாலைச் சீருடைகளும் சேலைச் சட்டைகளும் தைத்துக் கொடுப்பவர். அப்பாவின் வயல் பொய்த்த ஆண்டுகளில் அந்த மெசினே எங்களுக்குச் சோறு போட்டது. எவரும் கேளாத, எவரும் காசு தராத ஒன்றை மெசினில் வைத்துத் தைப்பது நூலையும் நேரத்தையும் வீணாக்குவதாகும் என்பது அம்மாவின் கொள்கை. அத்தகைய வீட்டிலே, பல நிறத் துண்டுத் துணிகளை இணைத்துப் போர்வை தைப்பதை நான் பொழுதுபோக்காகக் கொண்டேன். அதனால் நேர்ந்த ஒரு சிறு நிகழ்ச்சியையும், அதன்வழி எழுந்த சில எண்ணங்களையும் இங்கு எழுத முனைகின்றேன். தமிழ்ச் சங்க மலரிலே தையலுக்கு என்ன இடம் என நண்பர்கள் சிலர் வினவினர். இலக்கியத்திலும் வரலாற்றிலும் இடம்பெறாத பெண்களின் வாழ்வு பெரும்பாலும் துணியிலேதான் எழுதப்பட்டிருக்கின்றது என்பதே நான் அவர்களுக்குக் கூறிய விடை.

2022 ஆம் ஆண்டின் முற்பகுதியில் உயர்தரப் பரீட்சையை எழுதிவிட்டு வீட்டிலிருந்தேன். நாட்டின் பொருளாதார நெருக்கடி உச்சமடைந்திருந்த காலம் அது. எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் மக்கள் வரிசையில் நின்றனர். மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் தடைப்பட்டது. காலால் மிதித்து இயக்கும் மெசின் ஆதலால் மின்வெட்டு அதனை நிறுத்தவில்லை. ஆனால், துணி விலை ஏறியதனால் தைக்கக் கொடுப்போர் குறைந்தனர். பழைய சீருடையின் மடிப்பை அவிழ்த்து நீட்டித் தரும்படி கேட்போரே வந்தனர். பல நாட்கள் மெசின் வெறுமனே நின்றது.

வெட்டு மேசையின் கீழே இரண்டு உரப்பைகள் நிறையத் துண்டுத் துணிகள் இருந்தன. சட்டை வெட்டியபின் எஞ்சிய ஓரங்கள், ஆடைத் தொழிற்சாலைகளிலிருந்து கடைக்கு வந்து கிலோக் கணக்கில் விலைப்படும் வெட்டுத் துண்டுகள் ஆகியன அவற்றுள் அடங்கும். மெசின் துடைப்பதற்கும் தலையணைக்குள் அடைப்பதற்கும் அம்மா அவற்றை வைத்திருந்தார். கைத்தொலைபேசியிலே பிறநாட்டுப் பெண்கள் தைத்த ஒட்டுப் போர்வைகளின் படங்களைக் கண்ட நான், ஒருநாள் அப்பைகளைக் கட்டவிழ்த்தேன்.

இத்தொழில் பார்ப்பதற்கு எளிது. செய்வதற்குப் பொறுமை வேண்டும். துணிகளைக் கழுவிக் காயவைத்து, சிரட்டைக்கரி போட்ட ஸ்திரிக்கைப் பெட்டியால் அழுத்தி, பழைய கலண்டர் மட்டையில் வெட்டிய அச்சை வைத்து மூன்றரை அங்குலச் சதுரங்களாக வெட்டினேன். ஒவ்வொரு பக்கத்திலும் கால் அங்குலம் தையலுக்குள் மறைந்தால் மூன்று அங்குலச் சதுரம் எஞ்சும். ஐந்து கடும் நிறச் சதுரங்களையும் நான்கு மென்னிறச் சதுரங்களையும் மாறி மாறி இணைத்தால் ஒன்பது அங்குலக் கட்டமொன்று கிடைக்கும். குறுக்கே ஆறு, நெடுக்கே எட்டு என நாற்பத்தெட்டுக் கட்டங்கள், 432 சதுரங்கள். தைத்து முடிந்தால் 54 அங்குல அகலமும் 72 அங்குல நீளமும் கொண்ட மேற்றுணி கிடைக்கும் என்பது கணக்கு.

கணக்குப்படி அது அமையவில்லை. முதல் வரியைத் தைத்து அளந்தபோது இரண்டு அங்குலம் குறைந்திருந்தது. காரணம் விளங்க ஒரு மாலை முழுவதும் சென்றது. ஒரு வரியிலே பதினெட்டுச் சதுரங்கள். அவற்றை இணைப்பன பதினேழு தையல்கள். கால் அங்குலத்துக்கு மேல் ஒரு நூலளவு உள்ளே சென்றாலும், அப்பிழை இரு துண்டுகளிலும் ஏறி, பதினேழு முறை பெருகிவிடுகின்றது. பரீட்சைக்குப் படித்த எந்தப் பாடமும் சிறு பிழைகள் சேரும் விதத்தை இவ்வளவு தெளிவாக எனக்குக் கற்பிக்கவில்லை. வரி முழுவதையும் அவிழ்த்து மீண்டும் தைத்தேன். மெசினின் தட்டிலே கால் அங்குலத் தொலைவில் ஒட்டுநாடாவொன்றை ஒட்டி, துணியின் விளிம்பு அதனைத் தொட்டுச் செல்லுமாறு பழகிக்கொண்டேன். ஒரு சோடியைத் தைத்து முடித்ததும் நூலை அறுக்காது அடுத்த சோடியைப் பாதத்தின் கீழ்ச் செலுத்தினால் நூலும் நேரமும் மிஞ்சும் என்பதையும் அறிந்தேன். தைத்த துண்டுகள் மெசினின் பின்னே தோரணம்போல் இறங்கி வரும். அதைக் காணும்போது உண்டாகும் மகிழ்ச்சி குழந்தைத்தனமானதே. ஆயினும் அதை மறைக்க நான் விரும்பவில்லை.

அம்மா முதலில் இதைப் பொருட்படுத்தவில்லை. “கந்தலைத் தைக்கிறாய்” என்று மட்டும் சொன்னார். அச்சொல்லிலே இகழ்ச்சியைவிட அச்சமே மிகுதியாக இருந்தது. எமது சமூகத்தில் ஒட்டுத்துணி வறுமையின் வெளியடையாளம். ஒட்டுப் போட்ட உடுப்போடு பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்ப நேரும் தாய் அதைத் தன் தோல்வியாகவே கருதுவாள். ஒட்டுத் தெரியாதவாறு தைப்பதே தையற்காரியின் திறமை. அந்த ஒட்டை வெளியே காட்டி அதிலே அழகு தேடும் என் முயற்சி அவருக்கு விளங்காததில் வியப்பில்லை.

எனினும், கந்தை என்ற சொல்லுக்கு வேறொரு வரலாறும் உண்டு. வங்காளத்துப் பெண்கள் பழைய சேலைகளையும் வேட்டிகளையும் அடுக்கி நூலோட்டித் தைக்கும் ‘காந்தா’ என்னும் போர்வை அச்சொல்லோடு உறவுடையது. எமது நாட்டுச் சூழலில் இன்னொன்றையும் நினைவுகூரலாம். பௌத்த பிக்குகள் அணியும் சீவரம் ஓர் ஒட்டுத்துணியே. மகத நாட்டு வயல்களின் வரப்புகளைக் காட்டி, அவ்வமைப்பிலே சீவரத்தை வெட்டித் தைக்க இயலுமா எனப் புத்தர் ஆனந்தரிடம் வினவிய செய்தியை விநயபிடகத்து மகாவக்கம் கூறுகின்றது. துண்டாக்கப்பட்ட துணிக்குச் சந்தையில் விலை குறைவு; ஆதலால் அதனைக் கள்வரும் விரும்பார். துறவுக்கு அதுவே ஏற்றதாயிற்று. ஒரே ஒட்டுத்துணி ஓரிடத்தில் இழிவாகவும் பிறிதோரிடத்தில் தூய்மையாகவும் கொள்ளப்படுகின்றது. துணியில் வேறுபாடில்லை, அதை அணிபவருக்குத் தெரிவு இருந்ததா இல்லையா என்பதிலேயே வேறுபாடு தங்கியுள்ளது.

இவ்வுண்மையை அமெரிக்காவின் வரலாறு மேலும் தெளிவாக்கும். அலபாமா ஆற்றின் வளைவொன்றினுள் அமைந்த ஜீஸ் பென்ட் என்னும் சிற்றூரில், பருத்தித் தோட்டத்து அடிமைகளின் வழிவந்த கறுப்பினப் பெண்கள் தேய்ந்த வேலை உடுப்புகளைக் கிழித்துப் போர்வை தைத்தனர். குளிர் காற்றுப் புகும் மரவீடுகளில் பிள்ளைகளைக் காக்கவே அவை தைக்கப்பட்டன. 1942 இல் அவ்வூரைச் சேர்ந்த மிசூரி பெற்வே என்பவர், தம் கணவர் இறந்தபின், அவர் வயலில் அணிந்த உடுப்புகளை எடுத்து ஒரு போர்வை தைத்தார். கணவரின் நினைவோடு அதன் கீழே உறங்க வேண்டும் என்பதே அவர் எண்ணம். 2002 இல் ஹியூஸ்ரன் நகரத்து நுண்கலை அருங்காட்சியகத்தில் ஜீஸ் பென்ட் போர்வைகள் காட்சிக்கு வைக்கப்பட்டபோது, நவீன ஓவியங்களோடு ஒப்பிட்டு அவற்றை விமர்சகர் புகழ்ந்தனர். அதற்கு முன்னரே, 1971 இல், நியூயோர்க்கின் விற்னி அருங்காட்சியகம் அமெரிக்கப் போர்வைகளை ஓவியங்கள் போலச் சுவரிலே தொங்கவிட்டிருந்தது. குளிருக்காகத் தைக்கப்பட்டவை கலையாயின.

இன்று செல்வம் மிக்க நாடுகளில் இது பெரும் பொழுதுபோக்காக வளர்ந்துள்ளது. கடையில் புதுத்துணி வாங்கி, அதனைத் துண்டாக்கி, மீண்டும் இணைக்கின்றனர். இதைக் கேலி செய்வது எளிது. 1978 இல் கட்டுநாயக்காவில் சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கிய காலந்தொட்டு எமது நாட்டுப் பெண்கள் தைக்கும் ஆடைகளிற் பெரும்பங்கு அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் செல்கின்றது. ஆடை அங்கே போகின்றது. வெட்டுத்துண்டு இங்கே எஞ்சுகின்றது. அங்கே ஒரு பெண் ஓய்வு நேரத்தில் தைக்கின்றாள். இங்கே ஒரு பெண் மணிக்கு எத்தனை என்று எண்ணித் தைக்கின்றாள். இவ்வேறுபாட்டை மறந்து தையலின் இன்பத்தைப் பற்றி மட்டும் எழுதுவது நேர்மையாகாது. ஆனால், ஓய்வாகத் தைக்கும் இன்பம் எமது பெண்களுக்கு உரியதன்று என்று முடிவு கட்டுவதும் நேர்மையாகாது என்பதையே பின்னர் நான் உணர்ந்தேன்.

மேற்றுணி முழுவதும் தைத்து முடிந்த நாளில், அதனை முற்றத்து நிழலில் பாய்மேல் விரித்தேன். மயில்கழுத்துப் பச்சை, அரக்கு, மஞ்சள், ஊதா என நிறங்கள் கலந்து கிடந்தன. கிணற்றடியிலிருந்து வந்த அம்மா அதைக் கண்டு நின்றார். அவர் முகத்தில் நான் எதிர்பார்த்த வியப்பு இல்லை.

“உதைச் சுருட்டி உள்ளுக்கை வை பிள்ளை. நிலத்திலை விரிக்காதை.”

“ஏனம்மா, வடிவாயில்லையே?”

“வடிவாய்த்தான் கிடக்கு. எடுத்து வை.”

அன்று இரவு அவர் சாப்பிடவில்லை. துணியை அவர் நாள்தோறும் கையாள்பவர். எந்த நிறமும் அவருக்குப் புதிதன்று. பல வீட்டுத் துணிகள் ஒன்றோடொன்று தைக்கப்பட்டு நிலத்திலே கிடந்த காட்சியைத்தான் அவரால் தாங்க முடியவில்லை என்பதை நான் அப்போது அறியவில்லை. நான்கு நாட்களின் பின், மின்சாரமில்லாத ஓர் இரவில், விளக்கின் முன் இருந்தபோது அவராகவே சொன்னார்.

2009 மாசி மாதம் நாங்கள் புதுக்குடியிருப்பில் இருந்தோம். கிளிநொச்சியை விட்டுப் புறப்பட்டபோது அப்பா சைக்கிளில் ஏற்றிவந்த பொருள்களுள் அம்மாவின் பழைய மெசினும் ஒன்று. பதுங்குகுழி வெட்டினால் அதன் வாயைச் சுற்றி மண்மூட்டை அடுக்க வேண்டும். மூட்டைக்குச் சாக்குக் கிடைக்கவில்லை. ஆகவே, வன்னியெங்கும் பெண்கள் தங்கள் சேலைகளைக் கொண்டு மண்பை தைத்தனர். அயலில் மெசின் வைத்திருந்தவர் அம்மா மட்டுமே. சேலையை வெட்டத் தயங்கி நின்றவர்களின் முன்னே, அவர் முதலில் தமது கூறைச் சேலையை எடுத்து எட்டாக வெட்டினார். அதன்பின் எல்லாரும் கொண்டுவந்தனர். கோயிலுக்கு உடுத்தவை, மகளின் கலியாணத்துக்கென்று வாங்கி வைத்தவை, வெளிநாட்டிலிருந்து அண்ணன்மார் அனுப்பியவை எனப் பலவும் வந்தன. கூலி வாங்காமல் பகலிரவாக அவர் தைத்தார்.

“ஆற்றை சேலை எண்டு அப்ப நான் பார்க்கேல்லை. மண் கொட்டுப்படாமல் நிக்கோணும். இரட்டைத் தையல். அவ்வளவுதான்” என்றார்.

மயில்கழுத்துப் பச்சையிலே அரக்குக் கரை போட்ட சேலை எங்களுக்கு இரண்டு குழி தள்ளியிருந்த குடும்பத்துக்கு உரியது. பங்குனி மாதம் ஒருநாள் எறிகணை அந்தக் குழியின்மீது விழுந்தது. ஐவரில் ஒருவரும் மிஞ்சவில்லை. மறுநாள் அம்மா அவ்வழியால் போனபோது அந்தப் பச்சைப் பைகள் கிழிந்து மண் சிந்திக் கிடந்தன.

“என்ரை தையல் விட்டுப்போச்சுதோ எண்டு இண்டைக்கும் நினைக்கிறனான்” என்று கூறிவிட்டு அம்மா விளக்கின் திரியைக் குறைத்தார்.

எந்தத் தையலும் எறிகணையைத் தடுக்காது என்று நான் சொல்லவில்லை. அவருக்கு அது தெரியாததன்று.

அவர் உறங்கியபின் நான் வெகுநேரம் விழித்திருந்தேன். எனக்கு அப்போது ஆறு வயது. அந்நாட்களைப் பற்றி எனக்கு எஞ்சியுள்ள நினைவுகள் சில. அவற்றுள் ஒன்று, குழிக்குள் மல்லாந்து படுத்தபடி பைகளைப் பார்த்துக்கொண்டிருந்தது. வாயிலில் விழுந்த வெளிச்சத்தில் சிவப்பும் மஞ்சளும் நீலமும் அடுக்கடுக்காகத் தெரியும். ஒரு பையின் கரையிலே பொன்னிற மாங்காய்கள் இருந்தன. சத்தம் கேட்கும்போது அம்மா என்னை அணைத்துக்கொண்டு அந்த மாங்காய்களை எண்ணச் சொல்வார். நான் எண்ணுவேன். அச்சுவர் எனக்கு அழகாயிருந்தது. பல நிறத் துணிகள் அருகருகே நிற்பதைக் காணும்போது எனக்கு உண்டாகும் இன்பம் கைத்தொலைபேசிப் படங்களால் வந்தது என்றே நான் எண்ணியிருந்தேன். அதன் தொடக்கம் அந்தக் குழியிலே இருந்திருக்கலாம் என்பதை அவ்விரவிலேதான் உணர்ந்தேன். தாய்க்கு ஆறாத காயமாயிருந்த ஒன்றே மகளுக்கு அழகுணர்ச்சியின் முதற்பாடமாய் அமைந்தது. இதை எண்ணி மகிழ்வதா வெட்கப்படுவதா என்பது எனக்கு இன்றும் தெளிவாகவில்லை.

சிலி நாட்டில் 1973 ஆம் ஆண்டு இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியபின், காணாமற்போனோரின் தாய்மாரும் மனைவியரும் சாக்குத்துணியின்மேல் துண்டுத் துணிகளைத் தைத்துப் படங்கள் செய்தனர். ‘அர்ப்பியேரா’ என அவை அழைக்கப்பட்டன. காணாமற்போனவரின் உடுப்பிலிருந்தே துண்டு வெட்டித் தைத்தவரும் உளர். பேச முடியாத காலத்தில் அத்துணிகள் பேசின; பிற நாடுகளுக்கும் சென்றன. எமது பெண்கள் தைத்த சேலைப் பைகள் எங்கும் செல்லவில்லை, மண்ணோடு மண்ணாயின. அவை ஓர் அருங்காட்சியகத்திலும் இல்லை. அவற்றைத் தைத்தவர்கள் இன்றும் எமது கிராமங்களில் சீருடை தைத்துக்கொண்டிருக்கின்றனர். வரலாறு எழுத விழையும் மாணவர் அவர்களிடம் சென்று கேட்க வேண்டும் என்பதை இவ்விடத்தில் பணிவோடு கூற விரும்புகின்றேன்.

பச்சைத் துண்டுகளையெல்லாம் அவிழ்த்து எடுத்துவிடுவதாக மறுநாள் அம்மாவிடம் கூறினேன். இருபத்தேழு சதுரங்கள் இருந்தன. சிறு கத்தரிக்கோலோடு நான் அமர்ந்தபோது அவர் வந்து என் கையிலிருந்த துணியை வாங்கினார். வெகுநேரம் பார்த்தார். பிறகு தையலைத் திருப்பி, விளிம்பை நகத்தால் வருடி, “இதிலை ஒற்றைத் தையல் போட்டிருக்கிறாய், கிடக்கட்டும், கழட்டாதை” என்றார்.

போர்வைக்கு எஞ்சியிருந்தது மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைக்கும் வேலை. மேற்றுணியின் கீழே பழைய பருத்திப் போர்வையொன்றை நடு அடுக்காகவும், அப்பாவின் இரண்டு பழைய சாரங்களை அடித்துணியாகவும் வைத்து நூலோட்டினேன். மெசினில் வைத்துத் தைத்தபோது மேற்றுணி சுருங்கிச் சுருங்கி மடிந்தது. இரண்டு வரிகளை அவிழ்த்தபின் அம்மா என்னை எழும்பச் சொன்னார். மெசினின் அடியிலுள்ள பற்கள் கீழ்த்துணியை இழுக்கும். மேலேயுள்ள பாதம் மேற்றுணியை அழுத்திப் பிடிக்கும். இரண்டும் ஒரே வேகத்தில் நகராவிடில் துணி சுருங்கும் என விளக்கினார். பாதத்தை அழுத்தும் திருகைத் தளர்த்தினார். தையலின் நீளத்தைக் கூட்டினார். ஓரத்திலிருந்து தொடங்கிய என் பிழையைத் திருத்தி, போர்வையை இருபுறமும் பாய்போலச் சுருட்டி, நடுவிலிருந்து வெளியே தைத்துக்கொண்டு போனார். நான் சுருளைத் தாங்கி நின்றேன். பச்சைச் சதுரங்கள் வந்த இடங்களில் அவர் மெசினை நிறுத்தி, திருப்பி, அதே வழியால் இன்னொரு முறை தைத்தார். அதற்கு நான் காரணம் கேட்கவில்லை.

அந்த வேலை மூன்று மாலைகள் எடுத்தது. இரண்டாம் நாள் மாலை, சீருடை நீட்டுவதற்காக அயல்வீட்டு அக்கா ஒருவர் வந்தார். “ஆற்றை ஓடர் இது?” என்று கேட்டார். அம்மா மிதிப்பதை நிறுத்தாமல், “ஒருதற்றையும் இல்லை, சும்மா தைக்கிறம்” என்றார். முப்பது ஆண்டுகளாகத் தைத்துவரும் அவர் வாயிலிருந்து அச்சொல்லை நான் கேட்டது அதுவே முதற்றடவை.

இப்போர்வை இன்று மலைநாட்டிலுள்ள எமது பல்கலைக்கழக விடுதியில் என் கட்டிலிலே இருக்கின்றது. மார்கழிக் குளிருக்கு அது போதுமானது. கூர்ந்து பார்த்தால் குறைகள் பல தெரியும்: மூலைகள் பொருந்தாத கட்டங்கள், கோணிய வரிகள், மூன்றாம் வரியிலே காணாமற்போன அரை அங்குலம். இருபத்தேழு பச்சைச் சதுரங்களைச் சுற்றி மட்டும் தையல் இரட்டையாக ஓடுகின்றது. சென்ற விடுமுறையில் வீடு சென்றபோது, வெட்டு மேசையின் கீழே மூன்றாவது உரப்பையொன்று இருந்தது. திறந்து பார்த்தேன். துண்டுத் துணிகள் மூன்றரை அங்குலச் சதுரங்களாக, நிறம் நிறமாகப் பிரித்து, நூலால் கட்டி அடுக்கப்பட்டிருந்தன.